வாசல் வெளிச்சம்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
பதினாறு வருடமாக மெச்சிங் துணி விற்கிறேன்.
மஞ்சள் வேணும் என்று வருகிறவர்களிடம்
எந்த மஞ்சள் என்று திருப்பிக் கேட்பேன்.
எலுமிச்சையா, கறுத்தக்கொழும்பான் மாம்பழமா,
முட்டைக் கருவா, வெயிலில் கிடந்த பேப்பரா,
பஸ்ஸின் பின்பக்கத்து நம்பர் தகடா?
என் தட்டில் இருபத்திரண்டு மஞ்சள்.
கண்ணை மூடிக்கொண்டும் எடுத்துத் தருவேன் என்று
வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவன் நான்.

கடைக்குள் முழுக்க டியூப்லைட்.
டியூப்லைட் பொய் சொல்லும்.
துணியை வாசலுக்குக் கொண்டுபோய்
வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல்.

அன்றைக்கு வந்தவ தெமட்டகொடை ஃபஹீமா ராத்தா.
மகளின் கலியாணச் சாரிக்கு
மஞ்சளும் பொன்னும் கலந்ததாய் ஒன்று.
வாசலில் நின்று நான் விரித்துக் காட்ட
துணியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.
"தம்பி, துணி சரி.
உங்கட கண்தான் சரியில்ல."

நித்திரை இல்லை என்றேன்.
ஒரு கிழமையாகச் சோற்று வாசம் பிடிக்கவில்லை,
சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது,
இரவில் முதுகு முழுக்கக் கடி;
வெக்கை என்றே நினைத்திருந்தேன்.
யாரோ நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் கண்ணாடியில்
இமையை இழுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டில் இல்லாத ஒரு மஞ்சள்.

"செங்கண்மாரி" என்றான் பக்கத்து கவுண்டர் மருதமுத்து.
மஞ்சள் பூத்த கண்ணுக்குச்
செங்கண் என்று பேர் வைத்தவன்
எந்த வெளிச்சத்தில் நின்று பார்த்தானோ.
கீழ்க்காய்நெல்லி பிடுங்கி அரைத்துத் தருகிறேன் என்றான்.
அன்பாகத்தான் சொன்னான்.
மனைவி சுகிர்தா கேட்கவில்லை. ஓட்டோ பிடித்தாள்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் கேட்டார்,
கடைச் சிங்களத்தில் பதில் சொன்னேன்.
பனடோல் எத்தனை? எட்டு.
கஷாயம், குளிசை, பச்சிலை? இன்னும் இல்லை.
அதுவரைக்கும் நல்லது என்றார்.
மலம் என்ன நிறம்?
சாயம் போடாத கோரா என்றேன்.
தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.
குடி?
சுகிர்தாவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில், என்றேன்.
அவள் "சனியும்" என்றாள்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது இப்படி:
இரத்தத்தின் சிவப்பு நாலு மாதம் உழைத்துச் சாகிறது.
உடைந்ததில் ஒரு மஞ்சள் மிஞ்சுகிறது.
அதை வாங்கி அலசிக்
குடலுக்கு அனுப்புவது ஈரலின் வேலை.
அலசுகிறவன் படுத்துவிட்டால்
சாயம் தேங்கி ஊறும்,
முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளை.
இதைப் படிக்காமலே அறிவேன்:
புதுச் சிவப்போடு வேட்டியை ஊறவைத்த யாரும் அறிவார்கள்.

காரணம் தண்ணி என்று வந்தது.
நான் பயந்த தண்ணி இல்லை.
தெருவோரச் சர்பத்தில் மிதந்த ஐஸ், ஏதோ ஒரு வைரஸ்.
மருந்தைவிட ஓய்வுதான் பெரிசு,
சாராயம் கிட்டவும் கூடாது என்றார்கள்.
ஆனால் ஸ்கேனில் வேறொன்றும் இருந்தது,
ஈரலில் கொழுப்பு.
உங்களுக்குக் கொழுப்பு என்று
பதினோரு வருடமாகச் சொல்லிவந்தவளுக்கு
அரசாங்க முத்திரையோடு அத்தாட்சி.
அவள் சிரிக்கவில்லை.

ஐந்து கிழமை கொட்டாஞ்சேனை மாடியில்.
காலையில் பல்கனிக்குக் கூட்டிப்போய்
என் இமையைக் கீழே இழுத்துப்
பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பாள்.
"நேற்றைக்கு மாம்பழம், இன்றைக்கு எலுமிச்சை."
எங்கே படித்தாளோ.

இப்போது வெள்ளை வெள்ளைதான்.
கடைக்குத் திரும்பிவிட்டேன்,
வெள்ளிக்கிழமை கூட்டம் கூப்பிடுகிறது,
ஆமர் வீதி வரைக்கும் நடந்து தப்பிக்கிறேன்.
ஆறு மாதத்தில் அடுத்த ஸ்கேன்.
மஞ்சளாவது வாசலுக்கு வந்து நின்று சொன்னது.
உள்ளே மிச்சமிருக்கும் அந்தக் கொழுப்புக்கு
நிறமே இல்லையாம்.
எந்த வெயிலில் பிடித்து
அதைப் பார்ப்பேன்?